பயிற்சிக்குச் சேருமுன் யாரிடம் என்ன கேட்பது?

கேள்வி: அக்கா, நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சின்ன இணைய இதழில், ஆசிரியர் குழுவில் மூன்று மாதப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் இல்லை, முடிவில் சான்றிதழ் உண்டு. ‘காசில்லாத வேலை எதுக்கு?’ என்கிறார் அப்பா. சேரலாமா?

அப்பா கேட்பது நியாயம்தான், அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் சேருமுன் அந்த இதழிடம் நீங்கள் கேட்கவேண்டியது வேறொன்று இருக்கிறது: நான் திருத்திய கட்டுரையை மறுபடி பார்ப்பவர் யார், பார்த்துவிட்டு எனக்கு எப்படிச் சொல்வார்? ஒருவர் பெயரைச் சொல்லி, வாரத்தில் இந்த நாள் உட்கார்ந்து பேசுவோம் என்றால் சேரலாம். ‘எல்லாரும் பார்ப்போம்’ என்று மட்டும் பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

நான் பயிற்சிக்குப் போன புதிதில் ஒரு கட்டுரையில் ‘சுவற்றில்’ என்று வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மூத்த ஆசிரியர் அதை அடித்துவிட்டுப் போயிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். அவரோ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கிணறு என்பது ‘று’வில் முடிகிறது, அதனால் கிணற்றில், சுவர் ‘ர்’ரில் முடிகிறது, அதனால் சுவரில் என்று இரண்டு நிமிடம் சொன்னார். அன்றைக்குப் பிறகு எந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. எடிட்டிங் இப்படித்தான் கைக்கு வரும், இதற்கு நேரம் ஒதுக்க ஒரு ஆள் வேண்டும்.

சின்ன இதழில் உள்ள நல்லது, எல்லா வேலையும் உங்கள் கைக்கு வரும் என்பது. பழைய பாமினி எழுத்துருவில் வரும் கட்டுரையை இணையத்தில் எங்கும் படிக்கக்கூடிய யூனிகோடு முறைக்கு மாற்றுவீர்கள், மாற்றியபின் ‘ஔ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கிறதா, ‘எ’ என்று நினைத்தது உண்மையில் தமிழ் எண் ஏழா என்றெல்லாம் பார்ப்பீர்கள், ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது. அப்புறம் படங்கள். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் உள்ள பெரும்பாலான படங்களை, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் போடலாம்; கூகுளில் கிடைத்ததை எடுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாலியல் குற்றச் செய்தி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரும் படமும் மட்டுமல்ல, வீடு, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதுவும் வெளியில் வரக்கூடாது. பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டுப் பள்ளிப் பெயரை அப்படியே விடும் தவறு நிறைய நடக்கிறது, அதைத் தடுப்பது நீங்களாகவே இருக்கலாம்.

சரி, காசு. சம்பளம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் வாங்கினால் அது பயிற்சி இல்லை, வேலை; வேலைக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். வருமானமே இல்லாத இதழாக இருந்தாலும் ரீசார்ஜ் செலவையாவது தரச் சொல்லுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். சான்றிதழைவிட, உங்கள் பெயரோடு வந்த நாலு கட்டுரையும், நீங்கள் திருத்துவதற்கு முன்னும் பின்னும் இருந்த பிரதிகளும் (எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு) அடுத்த இடத்தில் காட்ட உதவும்.

கேள்வி: பயிற்சியின்போது எழுதிய கட்டுரைகளைப் பிறகு நான் புத்தகமாகப் போடலாமா?

பொதுவாகப் போடலாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவின்படி, இதழில் வேலைக்கோ பயிற்சிக்கோ ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து, அந்த இதழுக்காக எழுதியதை இதழ்களில் வெளியிடும் உரிமை அதன் உரிமையாளருக்கு, மற்ற உரிமைகள் எழுதியவருக்கு. ஆனால் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். அதனால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவர் மட்டும் நடத்தும் இணைய இதழ். வேலை குவிகிறது. ஐந்து மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கலாமா?

வேண்டாம், ஒருவரை எடுங்கள். ஐந்து பேருக்குச் சொல்லித்தர உங்கள் இருவருக்கும் நேரம் இருக்காது, வேலையை மட்டும் பிரித்துக் கொடுப்பீர்கள். கூகுள் டாக்ஸில் சஜெஷன் முறையை வைத்துத் திருத்துங்கள், நீங்கள் மாற்றிய ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஏன் மாற்றினீர்கள் என்பதை ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள், வாரம் அரைமணி நேரம் போனில் பேசுங்கள். அதற்கு நேரம் ஒதுக்க முடியாத மாதத்தில் ஆள் எடுக்காதீர்கள்.