உட்காரப் போகிறவர்களைக் கேட்டீர்களா? – உள் அமைப்பு: கேள்வி பதில்

பள்ளி, நூலகம், அலுவலகம் ஆகியவற்றின் உள் அமைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இண்டீரியர் டிசைனராக என் பதில்கள்.

மேடம், புது அலுவலகம் எப்படி இருக்கணும் என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். பாதிப் பேர் ‘எதுவானாலும் சரி’ என்று எழுதிவிட்டார்கள். அக்கறையே இல்லையோ? – கோவை

அப்படிக் கேட்டால் எனக்கே பதில் வராது. இப்போது இருக்கும் இடத்தில் எது தொந்தரவு என்று கேளுங்கள், கொட்டித் தீர்ப்பார்கள். ஏசி காற்று நேராகத் தலையில் அடிக்கிறது, போன் பேச மாடிப்படிக்கு ஓட வேண்டியிருக்கிறது... இப்படி.

அப்புறம், காலி ஹாலில் மேசை, அலமாரி, நடைவழி எல்லாவற்றையும் நிஜ அளவில் மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். ‘வழி 90 செ.மீ.’ என்று வரைபடத்தில் இருந்தால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். ஒருவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்கார, இன்னொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருக்களித்துப் போகும்போதுதான் வாய் திறப்பார்கள்.

ஆளுக்கொன்று சொல்வார்கள். பணம் போடுகிற நானே முடிவெடுத்தால் என்ன? – சென்னை

பட்ஜெட், வயரிங், தீ விபத்தில் வெளியேறும் வழி எல்லாம் உங்கள் முடிவுதான். ஆனால் எல்லாமே உங்கள் முடிவாக இருக்க வேண்டாம். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேக் நைட்டும் அலெக்ஸ் ஹஸ்லமும் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்கு வெறும் மேசை நாற்காலி. சிலருக்குச் செடியும் படமும் வைத்த அறை. வேறு சிலர் அதே செடிகளையும் படங்களையும் தங்கள் இஷ்டப்படி வைத்துக்கொண்டார்கள். வெறும் அறையைவிட இவர்களிடம் வேலை சுமார் 32 சதவீதம் கூடுதலாக நடந்தது. நான்காவதாக ஒரு குழுவும் உண்டு. அவர்கள் அடுக்கி வைத்ததை ஆய்வாளர் வந்து மாற்றிவிட்டார். கிடைத்த பலன் போயே போச்சு.

அதனால், கேட்டுவிட்டுக் குப்பையில் போடுவதாக இருந்தால் கேட்காமலே இருப்பது மேல்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என்னத்தைக் கேட்பது? – தொடக்கப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

கேட்க வேண்டாம் டீச்சர், பாருங்கள். முட்டி போட்டு அவர்கள் உயரத்திலிருந்து வகுப்பைப் பாருங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் கரும்பலகையைச் சுவரின் அடிப்பகுதிக்கு இறக்கியது. பாயில் உட்கார்ந்தபடியே பிள்ளை தன் பங்குப் பலகையில் எழுதலாம். தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். அதில் எது தொங்கணும் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்காகத் தொங்கவிட்ட வகுப்பு பார்த்தாலே தெரியும்: தாள் பழுப்பேறி, போன வருஷப் பிள்ளைகளின் பெயரோடு ஆடிக்கொண்டிருக்கும்.

எங்கள் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களே காலையில் இடம் பிடித்துவிடுகிறார்கள். நாளிதழ் வாசிக்க வரும் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். – நூலகர், மதுரை

இரண்டு தரப்பும் உங்கள் வாசகர்கள்தானே. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு. உங்களிடம் இருப்பது ஒரே ஹால் என்றால், இரு தரப்பிலும் சிலரைக் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைகளை அவர்களையே நகர்த்தச் சொல்லுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் வாசலோரம், வெளிச்சத்தைக் கேட்பார்கள். படிக்கிற பசங்களுக்கு மின்விசிறியும் பிளக் பாயிண்ட்டும் போதும், மூலையாக இருந்தாலும் சரி.

சுவர் நிறத்துக்கு வாக்கெடுப்பு வைக்கலாமா?

வேண்டாம். க்ரீம் கலர்தான் ஜெயிக்கும்.