லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கலாமா, அண்ணாச்சி?

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 23 வருஷம் ஆகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, "என் பழைய மெஷின் என்ன விலை போகும்?" என்ற கேள்விதான். மெஷினைக் கண்ணால் பார்க்காமல் விலை சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. மீதிக் கடிதங்களுக்கு வருகிறேன்.

எங்கள் அரிசி ஆலை ஆபீஸில் சிபியு பெட்டியில் கை பட்டால் சுள்ளென்று பிடிக்கிறது. உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றியும் போகவில்லை. மெஷினில் கோளாறே இல்லை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

நம்பலாம். 2004இல் முக்கூடல் பக்கம் ஒரு பீடிக் கம்பெனியின் கணக்கு ஆபீஸில் எனக்கும் இதே வேலை வந்தது. எஸ்எம்பிஎஸ் மாற்றினேன், பிடித்தது. இன்னொன்று மாட்டினேன், அதுவும் பிடித்தது. மூன்றாம் நாள் வயரிங் வேலைக்கு வந்த ஒரு பெரியவர், "எர்த்து இருக்கா வே?" என்று கேட்டார். பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால், மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. இரண்டு எஸ்எம்பிஎஸ் காசும் என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகப் பெட்டிக்கு இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அதில் கசிகிற துளிக் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் பெட்டி 230 வோல்ட்டில் பாதியில், சுமார் 115இல் நிற்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். அந்தக் கசிவு மட்டும் ஆளை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது யுஎஸ்பி போர்ட்டை அடிக்கும். நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஒரு வயர் பெட்டியைத் தொட்டால் காப்பாற்றவும் ஒன்றும் இருக்காது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்றுக்குள் இருந்தால் நல்லது. இருபது முப்பது காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், அல்லது வயர் எங்கோ விட்டிருக்கலாம். சித்திரை வெயிலில் நம்ம ஊர் மண்ணில் ஈரம் எங்கே இருக்கும்? குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். சுத்தமாகச் சைபர் காட்டினாலும் சந்தேகப்படுங்கள். சில கெட்டிக்காரர்கள் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, "சரியாயிட்டு" என்று காசு வாங்கிப் போவார்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

ஆலை என்பதால் இன்னொன்று. தவிட்டுத் தூசியில் எண்ணெய்ப் பசை உண்டு. சிப்பின் சூட்டை இறக்குகிற ஹீட்சிங்க்கில் அப்பினால் சாதாரணத் தூசி மாதிரி ஊதினால் போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியை வெளியே எடுத்து வந்து பிளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு பென்சிலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றினால் அதன் பேரிங் போய்விடும். ஆலையில் இருக்கும் கம்ப்ரஸரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். டேங்கில் சேர்ந்த தண்ணீரும் காற்றோடு வந்து போர்டில் தெறிக்கும்.

லேசர் பிரிண்டரில் பிரிண்ட் கொடுத்தவுடன் 600 விஏ யுபிஎஸ் கத்திவிட்டு நின்றுவிடுகிறது.
– வாசகர், சங்கரன்கோவில்

கத்தத்தான் செய்யும். 600 விஏ என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் அது தாங்குவது 360 வாட்ஸ்தான். லேசர் பிரிண்டர் சூடேறும் நேரத்தில் அதைவிட நிறைய இழுக்கும். பிரிண்டரைச் சுவரில் நேரடியாகச் செருகுங்கள்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸ் லேப்டாப்புகளுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா, அண்ணாச்சி?
– வாசகி, தென்காசி

தாராளமாக வையுங்கள். நானே என் ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் வைக்கிறேன். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து மூடி, மேல்மூடியில் ஒரே ஒரு பொட்டு. திறந்து வைத்துக் கீபோர்டில் வைத்தால்தான் வம்பு. பூஜை முடிந்த வாரத்தில் என் கடைக்கு வருகிறவற்றைப் பார்த்தால் தெரியும்: கீ இடுக்கில் குங்குமம், காற்றுத் துளையில் காய்ந்த சந்தனம். ஒரு தடவை சூடத் தட்டைக் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டார்கள், நாலு கீ உருகி ஒட்டிக்கொண்டது. பக்தியைக் குறை சொல்லவில்லை, தட்டு வைக்க மேஜையில் வேறு இடமா இல்லை?

சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கம்பெனி லேப்டாப்பில்தான் மகன் ஸ்கூல் புராஜெக்ட் செய்கிறான். நானும் என் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். தப்பா? லேப்டாப் எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும். டச்பேட் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும், தங்கச்சி! டச்பேட் தூக்கினால் அநேகமாக அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. இதைப் படித்த கையோடு ஷட்டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தி மூட வேண்டாம். "காத்துதான, வெளிய போட்டும்" என்று ஊசியால் குத்தப் போன ஒருவரை நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். கம்பெனிக்குப் போன் செய்து, பேட்டரி உப்பியிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சாதாரணப் பார்சல் மாதிரி கட்டிக் கூரியரில் போட்டுவிடாதீர்கள். எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்கள் சொல்லட்டும். என்னைப் போன்ற உள்ளூர்க் கடைக்காரன் அதைத் திறக்கவும் கூடாது, பொருள் உங்களுடையது இல்லையே.

மாதக்கணக்கில் நூறு சதவீத சார்ஜிலேயே, சூட்டோடு சூடாக வைத்திருப்பது பேட்டரிக்கு ஆகாது. மாற்றிக் கொடுத்த பிறகு, எண்பதில் நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இப்போது பல லேப்டாப்பில் உண்டு. மெத்தையில் வைத்து வேலை பார்க்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. வீட்டில் பழைய மணை இருந்தால் அதன் மேல் வைத்துக்கொள்ளலாம்.

சரி, மகன் விஷயம். அந்த மெஷினில் எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எந்தப் பென்டிரைவ் செருகினீர்கள் என்பதைப் பதிவு செய்கிற மென்பொருளைக் கம்பெனிகள் போட்டிருப்பது சகஜம். பையன் படம் தேடுகிறேன் என்று எதையாவது இறக்கினால், அங்கே உங்கள் பெயரில்தான் நிற்கும். அவனுக்கு வேறு மெஷின் கொடுங்கள். 2011இல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப் எத்தனையோ வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. சொந்தத்தில் யாரிடமாவது இருந்தால் வாங்கி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், ஸ்கூல் வேலைக்குப் போதும். வாட்ஸ்அப்பை உங்கள் போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்துக்குப் போய் வெளியேற்றிவிடலாம். பிரவுசரில் சேமித்த உங்கள் சொந்தப் பாஸ்வேர்டுகளையும் அழியுங்கள். வேலையை விடும் நாளில் நீங்களாக ஃபார்மேட் அடித்துக் கொடுக்காதீர்கள். எதையோ மறைத்ததாகத்தான் நினைப்பார்கள்.

கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. லேப்டாப்பை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.
– வாசகர், திசையன்விளை

வெளியே எடுங்கள். அரிசி உறிஞ்சுவது சொற்பம், அதன் மாவுதான் துளைக்குள் போகும். கொட்டிய நொடியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். "வேலை செய்யுதா" என்று ஆன் செய்து மட்டும் பார்க்காதீர்கள். டீயில் பாலும் சீனியும் இருக்கிறது. ஈரம் காய்ந்தாலும் அந்தப் பிசுக்கு போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். திறந்து கழுவ வேண்டும், உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஜங்ஷன் பக்கம் எங்கள் கணக்கு ஆபீஸ். 2023 வெள்ளத்தில் மூன்று சிபியு முழுகிவிட்டது. இப்போது தினமும் பென்டிரைவில் பேக்கப் எடுத்து மேஜை டிராயரில் வைக்கிறோம். போட்டோ இணைத்துள்ளேன். இது போதுமா?
– வாசகர், திருநெல்வேலி

வெள்ளம் வந்தால் டிராயருக்குள்ளும் வரும். அந்த டிசம்பர் 17, 18ஐ நான் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்து நின்றது. அப்புறம் ஒரு மாதம் என் கடை முழுக்கச் சேற்று வாடை. வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்துவிட்டுக் கொண்டுவந்த மெஷின்களில் ஒன்றும் தேறவில்லை. சேற்றோடு அப்படியே தூக்கி வந்தவற்றைக் கழுவி, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நாள்கணக்கில் உலர்த்தியதில் சில பிழைத்தன.

பென்டிரைவை நம்பாதீர்கள். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று ஆபீஸில், ஒன்று உங்கள் வீட்டில். வாரம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். பேக்கப் முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வானாக்ரை வந்தபோது உலகம் முழுக்கப் பார்த்தோமே, அந்த மாதிரி வைரஸ் செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒரு நாள் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆறு மாதமாகக் காலி ஃபோல்டரையே பேக்கப் எடுத்தவரும் என் வாடிக்கையாளர்களில் உண்டு.

போட்டோவில் ஸ்கிரீனில் தெரிவது விண்டோஸ் 10. அதற்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஊரார் பான் கார்டு விவரமெல்லாம் இருக்கிற மெஷின் அது, தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், பழைய போர்டு என்றால் மெஷினையே மாற்ற வேண்டி வரலாம்.

அதே போட்டோவில் இன்னொன்றும் பார்த்தேன். சிபியுவுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் சுவரில், பிளக் பாயிண்டுக்கும் மேலே, பழைய தண்ணீர்க் கறை கோடாகத் தெரிகிறது. ஸ்டாண்டை அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடிக்கச் சொல்லுங்கள். பிளக் பாயிண்டையும்.