அம்மாவின் ஈ.பி.எப். பணத்தில் எம்சிஎஸ்ஏ படிக்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். கண்டியில் ஒரு கம்பனியின் ஹெல்ப் டெஸ்கில் இரண்டரை வருடமாக வேலை செய்கிறேன். பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுப்பதும் பிரிண்டர் பார்ப்பதும்தான் நாள் முழுக்க. கம்பனியின் சேர்வர்களைப் பார்க்கும் ஜூனியர் சிஸ்டம் எட்மின் ஆக ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் எம்சிஎஸ்ஏ சான்றிதழும் அது முடிந்ததும் டுபாயில் சேர்வர் வேலையும் தருவதாகச் சொல்லி 2,80,000 ரூபா கேட்கிறார்கள். 10,000 கட்டி, ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்களின் ஒரிஜினலையும் கொடுத்துவிட்டேன். மிச்சத்துக்கு அம்மா தன் ஈ.பி.எப். பணத்தைத் தருகிறேன் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், தம்பி.

சேர்வர் வேலை பார்ப்பவர்களுக்காகக் கொடுத்துவந்த எம்சிஎஸ்ஏ என்ற சான்றிதழை மைக்ரோசொப்ட் 2021 ஜனவரி 31ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. இன்று யாரும் எங்கு போய் எவ்வளவு கட்டினாலும் அதைப் புதிதாக வாங்க முடியாது. அந்த நிலையம் தரப்போவது தன் பிரிண்டரில் அடித்த ஒரு தாள். பாடம் நடத்தமாட்டார்கள் என்று சொல்லவில்லை. நடத்துவார்கள், அதில் பாதி இப்போதும் பயன்படும். ஆனால் அவர்கள் விலை போடுவது பாடத்துக்கு அல்ல, அந்தப் பெயருக்கு.

இனி யார் எந்தக் கோர்ஸை விற்க வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "பரீட்சையின் குறியீட்டு எண் என்ன?" எண்ணைச் சொன்னால், மைக்ரோசொப்டின் சொந்தத் தளத்தில் அது இன்னும் நடக்கிறதா என்று அங்கேயே நின்று போனில் பாருங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். "கேள்வியும் பதிலும் நாங்களே தருவோம், மனப்பாடம் செய்தால் போதும்" என்பவர்களிடமும் அப்படித்தான். டம்ப் என்று அதற்குப் பெயர். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை விழலாம். பிடிபடாவிட்டாலும் நேர்முகத்தில் முதல் ஐந்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

டுபாய் கதை அதைவிட மோசம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாடம் நடத்தும் கடைக்கு அது இருக்கிறதா? 1989க்கு ஒரு கோல் எடுத்து நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதோடு, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு இருந்தால் தரமான இடம் என்று அர்த்தமில்லை. இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்தக் கடைகள் ஏன் ஓடுகின்றன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "ஜூனியர்" என்று விளம்பரம் போட்டு, மூன்று வருட சேர்வர் அனுபவம், பட்டம், நாலைந்து சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். அத்தனையும் இருப்பவன் ஏன் ஜூனியராக வரப்போகிறான்? அந்த விளம்பரத்தை எழுதியவர்களுக்கு சேர்வர் எந்த அறையில் இருக்கிறது என்பதே தெரியாது. மலையகப் பிள்ளைகளுக்கு இந்தத் துறையைப் பற்றித் தமிழில் வழிகாட்ட உருப்படியாக ஒரு இடமும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர் கடை போடுகிறார்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பாஸ்வேர்ட் மாற்றுவதைக் கேவலமாக எழுதியிருக்கிறீர்கள். ஏணி அங்கேதான் இருக்கிறது. ஒருவருடைய அக்கவுண்ட் தினமும் காலையில் லொக் ஆகிறது என்று வைப்போம். நீங்கள் தினமும் திறந்து விடுகிறீர்கள், டிக்கட்டை, அதாவது அந்த முறைப்பாட்டுப் பதிவை, மூடுகிறீர்கள். அப்படி நூறு டிக்கட் மூடினாலும் நீங்கள் ஹெல்ப் டெஸ்க்தான். கம்பனியின் அக்கவுண்ட்களையும் பாஸ்வேர்ட்களையும் சரிபார்க்கும் சேர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர்; அதன் பாதுகாப்புப் பதிவேட்டில் (செக்யூரிட்டி லொக்) 4740 என்ற இலக்கத்தோடு ஒரு பதிவு விழும். எந்த அக்கவுண்ட் லொக் ஆனது, எந்தக் கம்ப்யூட்டரால் ஆனது என்று அதிலேயே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால், ஸ்டோர்ஸில் ஒரு பழைய மெஷின் ஆறு மாதத்துக்கு முந்திய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருப்பது தெரியவரும். அந்தப் பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டு, டிக்கட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள். அப்படி ஒரு பத்து டிக்கட் கையில் இருந்தால் நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

அந்தப் பதிவேட்டைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இருக்காது. எட்மினிடம் போய், வாசிக்க மட்டும் அனுமதி கேளுங்கள். சீனியருடைய பாஸ்வேர்ட் தெரியும் என்பதற்காக உள்ளே போய்விடாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம், படிக்கத்தான் போனேன் என்பது அங்கே எடுபடாது. இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வேலை. பேக்கப் எடுக்க எல்லோரும் இருக்கிறார்கள், எடுத்தது திரும்ப வருகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை. யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

வீட்டில் பழக ஒரு பழைய லப்டொப் போதும், 16 ஜிபி மெமரி இருந்தால் நிம்மதி. ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை (வெர்ச்சுவல் மெஷின்) ஓட்ட உதவும் வெர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். விண்டோஸ் சேர்வரின் பரிசோதனைப் பதிப்பை மைக்ரோசொப்டே 180 நாளுக்கு இலவசமாகத் தருகிறது. கோப்பு பெரியது, இரவு டேட்டாவில் இறக்குங்கள். ஒரு டொமைன் கன்ட்ரோலர் போடுங்கள், ஒரு சாதாரண கம்ப்யூட்டரை (கிளையண்ட்) அதில் சேருங்கள், பிறகு கம்ப்யூட்டர் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு என்னென்ன விழுகிறது என்று பாருங்கள். மழைக்குக் கரண்ட் போய் வெர்ச்சுவல் மெஷின் கெட்டுப்போனால் அதுவும் நல்ல பாடம். விண்டோஸுக்குக் கட்டளை எழுதும் பவர்ஷெல்லில் தினம் கொஞ்சம் எழுதுங்கள். மைக்ரோசொப்ட் லேர்ன் என்ற அவர்களுடைய தளத்தில் பாடம் இலவசம். ஆங்கிலம்தான், பழகித்தான் ஆக வேண்டும். ஆறேழு மாதம் கழித்து, மைக்ரோசொப்டின் அஷூர் கிளவுட் எட்மின் பரீட்சையான ஏஇசட்-104 எழுதத் தோன்றினால், பரீட்சைக் கட்டணத்தை மட்டும் கட்டி எழுதுங்கள்.

இவ்வளவும் நீங்கள் அந்தக் கம்பனியின் சொந்த ஊழியராக இருந்தால்தான். உங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. நிறையப் பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், சம்பளம் ஆள் வழங்கும் வேறொரு கம்பனியிலிருந்து வரும். சம்பளச் சிட்டையில் யார் பெயர் என்று பாருங்கள். ஆள் வழங்கும் கம்பனியின் பெயர் என்றால், எட்மின் உங்களை எவ்வளவு மெச்சினாலும் அவரால் உங்களுக்குப் பதவி தர முடியாது. அங்கே நீங்கள் பில்லில் ஒரு வரி. சில ஒப்பந்தங்களில், விலகிய பிறகு இத்தனை மாதத்துக்கு வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலைக்குச் சேரக்கூடாது என்றும் இருக்கும். கையெழுத்து வைத்த தாளை எடுத்து வாசியுங்கள், ஆங்கிலம் புரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அங்கே காத்திருந்து பிரயோசனமில்லை. டிக்கட்டில் பழகுங்கள், வெளியில் தேடுங்கள். கண்டி, நுவரெலியாப் பக்கம் உள்ள பெரிய ஹோட்டல், தனியார் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களைப் பாருங்கள். சின்ன ஐ.டி. பிரிவில் ஒரே ஆள் பிரிண்டரும் பார்ப்பார், சேர்வரும் பார்ப்பார். சம்பளம் பெரிதாகக் கூடாது, ஆனால் சேர்வர் உங்கள் கைக்கு வரும்.

கட்டிய 10,000 திரும்பி வருவது சந்தேகம். ரசீது இருந்தால் எழுத்தில் கேளுங்கள், அதைக் காப்பாற்றுவதற்காக மிச்சத்தைக் கட்டாதீர்கள். அதற்கு முன்னால் நாளைக்கே போய் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையில் வாங்குங்கள். "மிச்சப் பணத்தைக் கட்டினால்தான் தருவோம்" என்றால் அங்கே வாதாட வேண்டாம், நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு பதியுங்கள். பணம் கொடுக்க மாட்டேன் என்பதை சான்றிதழ் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.