நாவற்குழிப் பாலத்தில் நழுவிய கை

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 42 வயது. சபைக்கு ஒழுங்காகப் போகிற குடும்பம். மூத்தவன் உயிரியல் பிரிவில் இரண்டு தரம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தும் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. மூன்றாந்தரமும் எடு என்கிறேன். அவனோ கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறானாம். அவன் வெளியே போனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் கோல் எடுப்பேன். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும்வரை கேற்றடியில்தான் நிற்பேன்.

போன கிழமை குடும்ப ஜெபத்தில், கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, "உம்முடைய சித்தம்" என்று வரும் இடத்தில் அவன் "அம்மாவுடைய சித்தம் செய்யப்படுவதாக" என்றான். சின்னவள் சிரித்தாள். இவரும் சிரிப்பை அடக்கியதைக் கண்டேன். அன்றிரவு நித்திரையே இல்லை.

1995இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலுக்குள், 11 வயதில் அப்பாவின் கையைத் தவறவிட்டு விடியும்வரை தேடியவள் நான். எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடு என்கிறார் போதகர். முடியவில்லையே. எனக்கு விசுவாசம் இல்லையா?

ஒரு தாய், மானிப்பாய்

அன்புச் சகோதரி,

மகனின் குறும்பை வாசித்து நானும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். பாலத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் மழைக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கையை விட்டால் ஆள் தொலையும் என்று உங்கள் உடம்பு அன்று படித்துக்கொண்டது. போர் 2009இல் முடிந்துவிட்டது. உங்கள் விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனாலும் ஒன்றை நேராகச் சொல்கிறேன். "கர்த்தாவே, இவனை டொக்டராக்கும்" என்று ஜெபித்துவிட்டு, விடிந்ததும் ரியூசன் காசோடு நின்றால் அது கர்த்தருக்கே கட்டளை போடுகிற மாதிரி. கேட்பதில் பிழையில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் அந்தத் துன்பப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கவேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் பிதாவின் சித்தம் என்றார். நீங்கள் அந்த இரண்டாம் பாதிக்குப் போகாமலே எழும்பிவிடுகிறீர்கள்.

"ஒப்புக்கொடு" என்ற சொல்லை வைத்தே வீட்டுப் பெண்களின் வாயை அடைப்பவர்களும் உண்டு, அது எனக்குப் பிடிக்காது. ஹெல்மெட் போட்டாயா என்று கேட்பதும், சாப்பாடும், பஸ் காசும் உங்கள் பொறுப்புத்தான். எந்தப் படிப்பு என்பது அவன் முடிவு. அந்த இடத்தில் "எனக்குத் தெரியும்" என்பதை விட்டு, "எனக்குப் பயமா இருக்குது மகன்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு முன்னால் ஒரு தாய் இதைச் சொல்வது லேசில்லை, முழங்காலில் நிற்பதைவிடக் கஷ்டம்.

எத்தனை மணிக்கு ஒரு கோல் என்று அவனே சொல்லட்டும். இடையில் கை போனுக்குப் போனால் பத்து நிமிடம் பொறுங்கள், முற்றத்தைக் கூட்டுங்கள். பயம் ஏறும், அப்புறம் தானே இறங்கும். நித்திரை தொடர்ந்து குழம்பினால் உளநல கிளினிக்குக்குப் போங்கள். ஜெபத்தோடு மருந்தும் சரிதான்.

அந்த நிறுவனத்தைப் பார்க்க அவனோடு ஒருதரம் கிளிநொச்சிக்குப் போய் வாருங்கள். பஸ் நாவற்குழிப் பாலத்தால்தான் போகும். அப்பாவின் கை நழுவிய கதையை அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஜன்னல் பக்கமாக இருந்து, அங்கே வைத்துச் சொல்லுங்கள்.