சைப்ரஸ்: இன்னும் எதுக்குப் பேசணும்? – கடிதம்

அண்ணா வணக்கம்,
சைப்ரஸ் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். அம்பது வருஷமா பேசிட்டே இருக்காங்க, ஒண்ணும் நடக்கல. பேசாம ரெண்டு நாடுன்னு ஒத்துக்கிட்டு அவங்கவங்க பொழப்பப் பாத்தா என்ன?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சைப்ரஸ் தீவு தெற்க கிரேக்க சமூகம், வடக்க துருக்கிய சமூகம்னு ரெண்டா நிக்குது, நான் கிரேக்கர்கள், துருக்கியர்கள்னு சொல்றது இவங்களைத்தான். ரெண்டு நாடுன்னு சொல்றது சுலபம்தான், ஆனா 1974ல துருக்கி படை இறங்கினப்போ வடக்குலேர்ந்து ஓடி வந்த கிரேக்கர்களே ஒன்றரை லட்சத்துக்கு மேல, தெற்குலேர்ந்து வடக்க போன துருக்கியர்களும் பல ஆயிரம் பேர், இவங்க விட்டுட்டு வந்த வீடு, நிலத்துக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? வடக்கு 1983லயே தனி நாடுன்னு அறிவிச்சாச்சு, துருக்கியைத் தவிர ஒருத்தரும் ஏத்துக்கல.

தீர்வு தெரியாமலும் இல்ல தம்பி. சண்டை முடிஞ்சு மூணே வருஷத்துல, 1977ல, கிரேக்கர்கள் தலைவர் மக்காரியோஸும் துருக்கியர்கள் தலைவர் டெங்க்டாஷும் ரெண்டு சமூகமும் சேர்ந்த கூட்டாட்சின்னு ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் ஏன் முடியல? என்னைக் கேட்டா 2004தான் பெரிய தப்பு. தீவை ஒரே கூட்டாட்சியா சேர்க்க ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் போட்ட திட்டத்தை ஏப்ரல் 24 அன்னிக்கு ரெண்டு பக்கமும் ஓட்டுக்கு விட்டாங்க, துருக்கியர்கள்ல 65 சதவீதம் சரின்னாங்க, கிரேக்கர்கள்ல 76 சதவீதம் வேண்டாம்னாங்க, ஆனா ஓட்டு எப்படி விழுந்தாலும் கிரேக்கர்கள் நடத்துற சைப்ரஸ் அரசுக்கு ஐரோப்பிய யூனியன்ல இடம் உண்டுன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு, ஒரே வாரத்துல உள்ளயும் போயிட்டாங்க. தீவு முழுக்க சேர்ந்ததா பேரு, யூனியன் சட்டம் வடக்குல செல்லாது. சரின்னு சொன்ன துருக்கியன் வெளிய நிக்கிறான், இது எனக்கு இன்னிக்கும் ஆறல.

கிரேக்கர்கள் பயத்துலயும் நியாயம் இருக்கு. துருக்கி ராணுவம் அங்கயே இருக்கு, தலையிடுற உரிமையும் எனக்கு உண்டுங்குது. 2017ல சுவிட்சர்லாந்துல கிரான்ஸ் மொன்டானாவுல நடந்த ஐ.நா. பேச்சு முறிஞ்சதுக்கு முக்கியமான காரணமே அதுதான்.

ஆனா சேர்ந்து வேலை செய்ய முடியும்ங்கறதுக்குத் தலைநகர் நிக்கோசியாவப் பாருங்க. ஊரை ரெண்டா வெட்டியாச்சு, சாக்கடை பைப்பை வெட்ட முடியுமா? சுத்திகரிப்பு நிலையம் வடக்குல மாட்டிக்கிச்சு. தெற்கு மேயர் டெமெட்ரியாடிஸும் வடக்கு மேயர் அகின்ஜியும் எழுபதுகளோட கடைசியில, ஊரைப் பிரிக்கிற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ராணுவம் நிக்கறப்பவே, பேசிப் பேசி மொத்த ஊருக்கும் ஒரே சாக்கடைத் திட்டமா முடிச்சாங்க. அதே அகின்ஜிதான் 2017 பேச்சுல வடக்கோட தலைவரா உக்காந்தவரு.

2025 அக்டோபர்ல வடக்குல நடந்த தலைவர் தேர்தல்ல, கூட்டாட்சி வேணும்ங்கற எர்ஹுர்மான் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சிருக்காரு. இந்தத் தடவையும் கிரேக்கர்கள் எழுந்து போனா எங்க ஜனங்களைப் பழைய நிலைமைக்கே தள்ளக் கூடாதுன்னு, பேச்சு தொடங்கறதுக்கு முன்னாடியே உறுதி கேக்குறாரு. 2004ல கேட்டிருக்க வேண்டியது அது. ஐ.நா. அதை எழுத்துல குடுக்கணும்.