தொடை வழி அடைபட்டால் வால்வு பொருத்த வேறு வழி உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டியவர். நெடுங்காலம் பீடி பிடித்தவர். சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இதயத்தின் பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது எக்கோவில் தெரிந்தது. நெஞ்சைத் திறக்கும் அறுவையை உடல் தாங்காது என்றும், தொடை வழியாக வால்வு பொருத்தும் ‘டாவி’ முறைக்குக் கால் ரத்தக் குழாய்கள் இடம் தராது என்றும் திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். இனி மருந்து மட்டும்தானா?
வாசகர், தக்கலை

பதில்: இல்லை. சுருங்கிய வால்வை எந்த மருந்தும் திறந்துவிடாது. மூச்சுத்திணறல் தொடங்கிய பின்னும் வால்வை மாற்றாமல் விட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேரை இழக்க நேர்கிறது. ஆகவே மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதலில், தொடை வழி உண்மையிலேயே இல்லையா என்பதை இன்னொரு முறை கேளுங்கள். 2002ஆம் ஆண்டு பிரான்சில் இதய நிபுணர் அலென் கிரிபியே டாவி முறையில் முதல் வால்வைப் பொருத்தியதை அடுத்த ஆண்டுகளில், வால்வைக் கொண்டுசெல்ல ஏழு எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள உறைக்குழாய் தேவைப்பட்டது. இன்றைய கருவிகள் சில, 5 முதல் 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியிலேயே செல்கின்றன. கால்சியம் படிந்து இறுகிய தமனியை உள்ளிருந்தே அதிர்வலைகளால் தளர்த்திவிட்டு, அதே வழியில் வால்வைக் கொண்டுசெல்வதும் உண்டு. மிகுந்த அனுபவம் சேர்ந்திருப்பது இந்த வழியில்தான் என்பதால், இதை எளிதில் கைவிடக் கூடாது என்பது என் கருத்து.

அதுவும் முடியாதென்றால், காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கத்தில், சிறிய கீறலிட்டுக் கைக்குச் செல்லும் தமனி வழியாக வால்வைப் பொருத்தலாம். முன்பு பைபாஸ் செய்து, நெஞ்சறையின் இடப்பக்கத் தமனியை இதயத்தில் இணைத்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தத் தமனி கிளைப்பது கைக்குச் செல்லும் இதே தமனியிலிருந்துதான்; இதை அடைத்தால் இதயத்துக்குப் போகும் ரத்தம் தடைபடலாம். கழுத்துத் தமனி வழியும் நன்கு பழகிய ஒன்றே. ஆனால் பீடி கால் குழாய்களைக் கெடுத்திருந்தால் கழுத்துக் குழாய்களையும் விட்டுவைத்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பக்கத்தைச் சற்று நேரம் அடைத்து வைக்கையில் மறுபக்கத்திலிருந்து மூளைக்குப் போதிய ரத்தம் செல்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

தொடைச் சிரை வழியாக ஏறி, வயிற்றுப் பகுதியில் பெருஞ்சிரையிலிருந்து அருகிலுள்ள பெருந்தமனிக்குள் துளையிட்டுக் கடந்து, பிறகு அத்துளையைச் சிறு கருவியால் மூடும் முறையும் இருக்கிறது. அவ்விடத்தில் கால்சியம் படிந்திருக்கக் கூடாது. கைதேர்ந்த குழுவும் வேண்டும். விலா எலும்புகளுக்கிடையே திறந்து இதய நுனி வழியாகச் செய்வதை, நுரையீரல் நலிந்தவருக்குக் கடைசியாகத்தான் எண்ணுவேன். தையல் வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல், தேறுவது தாமதமாகும்.

கழுத்து முதல் தொடை வரை எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் இவற்றில் எது பொருந்தும் என்று காட்டும். அதற்கான சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் அதன் குறுந்தகட்டையே வாங்கிக்கொண்டு, தொடை அல்லாத வழிகளிலும் தொடர்ந்து வால்வு பொருத்திவரும், இதய நிபுணரும் அறுவை நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்கும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதற்குள் அப்பாவுக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவில் சேர்த்துவிடுங்கள்.