கேள்வி பதில்: செவுத்துல குதிக்குற குட்டி சிலந்தி விஷமா?

கேள்வி: அக்கா, மானிட்டர் மேல சாம்பல் கலர்ல ஒரு குட்டி சிலந்தி, வலை எதுவும் இல்ல, நான் நகர்ந்தா திரும்பித் திரும்பி என்னையே பாக்குது. விஷமா?

பதில்: திரும்பிப் பாக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுலயே பதில் வந்துருச்சு. இது குதிக்கும் சிலந்தி, ஒண்ணும் பண்ணாது. எட்டு கண்ணுல நடுவுல ரெண்டு மட்டும் ஹெட்லைட் மாதிரி பெருசா முன்னாடி இருக்கும், வீட்டுக்குள்ள நாம பாக்குற வேற சிலந்திக்கு இந்த மூஞ்சி கிடையாது. சின்னக் கண்ணுங்க அசைவைப் பிடிச்சதும் உடம்பைத் திருப்பி பெரிய கண்ணால உங்கள யாருன்னு பாக்குது, அவ்வளவுதான். லென்ஸ் வெச்சு கிட்டப் போய் பாருங்க, பெரிய கண்ணு ஒரு நேரம் கருப்பா, ஒரு நேரம் வெளிறிப்போய் தெரியும். வெளிய இருக்குற லென்ஸ் அசையாது, உள்ள இருக்குற விழித்திரைதான் நகரும், கருப்பா தெரியுறப்ப அது நேரா உங்களைத்தான் பாக்குது. மொத மொத இதைப் பாத்தன்னைக்கு அரை மணி நேரம் நான் எந்திரிக்கவே இல்ல.

இரையை அடக்க விஷம் இருக்கு, கிட்டத்தட்ட எல்லா சிலந்திக்கும் இருக்கும், ஆனா நமக்கு ஆபத்து இல்ல. கைல பிடிச்சு நசுக்குனா எப்பவாவது கடிக்கலாம், லேசா வலிக்கும். ஸ்பிரே மட்டும் அடிக்காதீங்க, ஈ கொசுவைப் பிடிக்கிற ஜீவன் அது.

கேள்வி: கருப்பு உடம்பு, நடுவுல தலையில இருந்து பின்னாடி வரைக்கும் வெள்ளைப் பட்டை. பேரு?

பதில்: பிளெக்சிப்பஸ் பேக்குல்லிங்குற குதிக்கும் சிலந்தியோட ஆண் மாதிரி இருக்கு. பின்னுடம்பு முடியுற இடத்துல, மேல் பக்கமா ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. பொண்ணு பழுப்பா இருக்கும், அதனால ரெண்டையும் வேற வேற இனம்னு நினைச்சுக்குவாங்க. குதிக்கும் சிலந்தி குடும்பத்துல 6,000-க்கும் மேல இனம் இருக்கு, முன்னாடி இருந்து ஒண்ணு மேல இருந்து ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ இல்லாம இனம் கேக்காதீங்க.

கேள்வி: சிலந்தி ஒண்ணுக்கு பட்டா கொப்புளம் வரும், எனக்கே கழுத்துல வந்துச்சு. நீங்க பாட்டுக்கு ஒண்ணும் பண்ணாதுங்குறீங்க?

பதில்: வலிச்சிருக்கும், அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா சிலந்தி நம்மள மாதிரி ஒண்ணுக்குப் போறதில்ல, கழிவு பெரும்பாலும் குவானின்ங்குற பொருள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புள்ளியா விழும், அது தோலைப் பொசுக்காது.

அதே ஆள்: காலையில தலகாணி பக்கத்துல சிலந்தி இருந்துச்சே, வேற எது?

பதில்: பக்கத்துல இருந்தா அதுதான் பண்ணுச்சுன்னு ஆயிடுமா? ராத்திரி லைட்டுக்கு வர்ற ஒரு ஒல்லியான வண்டு இருக்கு, பீடெரஸ், ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி, பாத்தா எறும்பு மாதிரி இருக்கும். அது கடிக்காது, கொட்டாது, கழுத்துல ஊருறப்ப நாம தூக்கத்துல தேய்ச்சு நசுக்கிடுவோம், அது உடம்புல இருக்குற பெடெரின்ங்குற நச்சு நம்ம தோல்ல பட்டு கிட்டத்தட்ட ஒரு நாள் கழிச்சுதான் கோடு மாதிரி சிவந்து கொப்புளிக்கும். வண்டு அதுக்குள்ள காணாமப் போயிருக்கும், மாட்டுறது செவுத்துல நிக்குற சிலந்தி! வண்டு உங்க மேல இருந்தா ஊதி விடுங்க, நசுங்கிட்டா உடனே சோப்பு போட்டு கழுவுங்க. உடம்புல ஒரே பக்கமா எரிச்சலோட கொப்புளம் கிளம்புனா அது அக்கியா இருக்கலாம், மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும், சிலந்தியைத் தேடிக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: எங்க வீட்டுலயும் ஒண்ணு குதிக்குது, விஷமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க. ஸ்பிரே வேணாம்.

கேள்வி: பாம்புக் குட்டி போட்டோ அனுப்பவா?

பதில்: பாம்பு என் ஏரியா இல்ல. தொடாம தள்ளி நில்லுங்க, பாம்பு தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

கேள்வி: குதிக்கும் சிலந்தி வலையே கட்டாதுன்னா ஜன்னல் மூலையில வெள்ளையா பை மாதிரி இருக்கே அக்கா?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. இரை பிடிக்கத்தான் வலை கட்டாது, நூல் உண்டு. குதிக்குறதுக்கு முன்னாடி ஒரு நூலை ஒட்ட வெச்சுட்டுதான் தாவும், தவறுனா அதுல தொங்கி ஏறிடும். அந்தப் பை தூங்குற இடம், முட்டையும் அதுலதான் வெச்சு அம்மா காவல் இருக்கும். ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள காலை மடக்கிட்டு படுத்திருக்கும். தொடப்பம் போடாம அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க.